மருதமுனைக் குழிப்பாட்டு

கஞ்சியில் தோய்த்த நூல் வெயிலில் காய்கிற மணம், பெரியநீலாவணையைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது. டிக்கட் வாங்காமல் ஏறிய பிரயாணி அது ஒன்றுதான். கண்ணை மூடினேன். ஏழெட்டு வயதில் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சி போட்ட வேட்டியொன்றை முகத்தின்மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மூடிய கண்ணுக்குள் நிறங்கள் ஊர்ந்து வரும். சிவப்பு மெல்ல மஞ்சளாகும், மஞ்சளுக்குள்ளிருந்து பச்சை முளைக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் தேனீக்கூட்டின் இரைச்சல் போல ஓர் ஓசை. காய்ச்சல் விட்டது, நிறங்களும் போயின. அதன்பின் அவற்றை நான் எங்கும் காணவில்லை, சென்ற மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் காணும்வரை.

அது ஒரு சாரன். விலை எட்டு ரூபாய். குறுக்காக ஓடிய கோடுகளில் ஒன்றாவது இன்னொன்றைப் போல இல்லை. ஊதா வந்தது, அகன்றது, இளைத்தது, ஒரு மயிரிழை மஞ்சளாகி நின்றது, மறுபடி வரவே இல்லை. "அதை விடுங்க, ஐயா," என்றார் கடைக்காரர். "மருதமுனையில ஆதம்பாவா எண்டு ஒருத்தன் நெய்யிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டு நெய்வானாம். அதுவும் குழிக்குள்ள இருந்து வாற பாட்டு. ஆரு இதை உடுத்துறது?" நான் உடுத்தினேன். ஒரு மாதம் கழித்து, கொழும்பில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு மட்டக்களப்பு ரயிலில் ஏறினேன்.

வியாழன், முற்பகல்

மட்டக்களப்பிலிருந்து மருதமுனை இருபத்திரண்டு மைல். பஸ் கட்டணம் ஒரு ரூபாய் பத்துச் சதம். கல்லடிப் பாலம் கடந்தால் பிறகு இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. நடுவே ஒரு கயிற்றை விரித்தாற்போல றோட்டு. தென்னைகள் பின்னால் ஓட, இரண்டு நீரும் மாறி மாறிக் கண்ணில் அடித்தன. எது கடல், எது வாவி என்பது களுவாஞ்சிகுடிக்குப் பிறகு எனக்குக் குழம்பிவிட்டது. குழம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மருதமுனையில ஆர்ர ஊட்ட?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"ஆதம்பாவா."

"ஊரில பாதிப் பேர் ஆதம்பாவா. எந்த ஆதம்பாவா?"

"தறி நெய்கிறவர்."

"மத்தப் பாதி தறி நெய்யிறவன்."

நான் தயங்கி, "குழிப்பாட்டு," என்றேன்.

பஸ் முழுதும் சிரித்தது. முன் ஆசனத்திலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்து, "யாழ்ப்பாணத்து ஆளா? அங்க பைத்தியம் தீந்து போச்சா, இஞ்ச தேடி வாறீங்க?" என்றார். ஆனால் இறங்கவேண்டிய இடத்தில் அவரே பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். தன் குடையால் ஒழுங்கையைக் காட்டி, "கடல் பக்கம் போங்க. சத்தம் கேட்டா அது வேற ஊடு. கேக்காட்டி அதுதான்," என்றார்.

அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு வேலிக்கும் பின்னாலிருந்து தறிச் சத்தம் வந்தது. டக்-டடக், டக்-டடக். ஒரு வீட்டுத் தறி முடிக்கும் இடத்தில் அடுத்த வீட்டுத் தறி தொடங்கியது. நான் நடக்க நடக்க அந்தத் தாளம் என் காலுக்குள் இறங்கி, என்னை அதுவே நடத்திக்கொண்டு போனது. கடைசி வேலிக்குப் பின்னால் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழன், பிற்பகல்

ஆதம்பாவாவுக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒடிசலான மனிதர். பேசும்போதும் வலக்கை தறியின் நாடாக் கயிற்றை இழுக்கும் பாவனையில் அசைந்துகொண்டே இருக்கும். என் இடுப்பிலிருந்த சாரனைப் பார்த்தார், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அது போன பெருநாளைக்கு முந்தி நெய்தது. அண்டைக்கு நல்ல காத்து," என்றார்.

கிடுகால் வேய்ந்த தறிக்கொட்டில் வளவின் பின்புறம். உள்ளே இரண்டு குழித்தறிகள். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். ஒரு தறி வேலை செய்தது. மற்றதைக் கழற்றிவிட்டார்கள், குழி மட்டும் இருந்தது. அதன் வாயில் பன்பாய் போட்டு மூடியிருந்தது. சுவரே தெரியவில்லை. பழைய தோணிப் பாய்ச்சீலைகளைச் சுற்றிவரக் கட்டி, அவற்றில் சாயத்தை வீசியிருந்தார்கள். உருவம் இல்லை, பூ இல்லை, கொடி இல்லை. நிறம் நிறத்துக்குள் வழிந்து, காய்ந்து, மறுபடி வழிந்திருந்தது.

"இபுறாகீம்ட வேல," என்றார் ஆதம்பாவா.

இபுறாகீம் சாயக்காரர். கலியாணம் கட்டவில்லை. தோள்வரை முடி வளர்த்திருந்தார். முழங்கைவரை நீலம். சாயத் தொட்டியில் மிஞ்சுவதை மற்றவர்கள் மண்ணில் ஊற்றுவார்கள், இவர் சீலையில் ஊற்றுகிறார். பாயை விலக்கி எனக்குக் குழியைக் காட்டியவரும் அவர்தான். அடியில் ஓர் ஆர்மோனியப் பெட்டி. கல்முனையில் கூடாரம் போட்ட ஒரு நாடகக் கூட்டம், காற்றில் கூடாரம் பறந்து போனதும் சோற்றுக்கு விற்றுவிட்டுப் போனதாம். துருத்தியை ஒருமுறை அழுத்தினார். யாரும் தொடாமலே ஒரு கட்டை ஒலித்தது. நின்றபாடில்லை.

"நாலாவது கட்ட. தொட்டாலும் அழும், தொடாட்டியும் அழும்," என்றார்.

"கொழும்பில் இதைத் திருத்தித் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை," என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

இபுறாகீம் என்னைப் பார்த்த பார்வைக்கு, நான் ஒரு பச்சைப் பிள்ளையின் மூக்கை வெட்டித் திருத்தலாம் என்று சொல்லியிருக்கவேண்டும். பாயை இழுத்து மூடினார்.

பெட்டி ஏன் குழிக்குள் என்பதை, தேத்தண்ணீர் கொண்டுவந்த சவுதும்மா சொன்னார். ஆதம்பாவாவின் மனைவி. அகன்ற நெற்றி, முக்காட்டுக்குள்ளிருந்து நேராகப் பார்க்கும் கண்கள். "எங்கட மாமா இந்தக் குடிக்கு, எங்கட தாய்வழி ஆக்களுக்கு, மரைக்கார். பள்ளிவாசல்ல குடிக்காகக் கதைக்கிறவர். மத்தக் குடி ஆக்கள் அவரக் கொறை சொன்னாங்க, ஒங்கட ஆக்கள்ர ஊட்ட பாட்டும் கூத்தும் எண்டு. மாமா வந்து, 'மண்ணுக்கு மேல அந்தச் சத்தம் கேக்கப்படா' எண்டார். இவங்க மூணு பேரும் சொல்லுக் கேக்கிற புள்ளைகள். மண்ணுக்குக் கீழ எறக்கிட்டாங்க."

"மூன்று பேரா?"

"சீனிமுகம்மது வருவான். கடலுக்குப் போறவன். பானை அடிக்கிற."

"நீங்கள்?"

"எனக்கு இந்த விசரெல்லாம் இல்ல, அண்ணன். நான் தார் சுத்துற," என்று சொல்லி நூல் சுற்றும் இராட்டைக்குப் போய்விட்டார்.

மாலை நாலரைக்கு மரைக்கார் வந்தார். பஸ்ஸில் என்னைக் கேலி செய்த அதே கிழவர், அதே குடை. என்னைக் கண்டதும், "சத்தம் கேக்காத ஊட்டக் கண்டுபுடிச்சிட்டீங்க," என்றார். பிறகு ஆதம்பாவாவிடம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

"ஆதம்பாவா, வாற கிழமை ஒண்ட பொஞ்சாதிட தங்கச்சிக்கிக் காவின், கலியாண எழுத்து. குடியில நான் வந்து இரிந்தாத்தான் காவின் எழுதுவாங்க. தெரியும்தானே?"

"ஓம், மாமா."

"மத்த மரைக்கார்மாருக்கு நான் சொல்லிப் போட்டன். நாளைக்கி ஜும்மாத் தொழுகைக்குப் பொறகு, நீங்க கூடுற நேரம், நானே வந்து றோட்டில நிக்கிற. இந்த வளவுக்குள்ள இரிந்து ஒரு சத்தம் றோட்டுக்கு வந்திச்சோ, நான் காவினுக்கு வரமாட்டன். புள்ள ஊட்டுக்குள்ளேயே இரிக்கட்டும்."

அவர் போனார். சவுதும்மாவுக்குப் பக்கத்தில் இன்னோர் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கிப் பாட்ட உட்டுருவம்," என்றார் ஆதம்பாவா.

"மாப்புளச் சாரன் தறியில கெடக்கு," என்றார் இபுறாகீம். "அது பாதி வரைக்கும் பாட்டுல நெய்தது. மிச்சம் பாட்டில்லாம நெய்தா ரெண்டு சாரன் ஆயிடும்."

ஆதம்பாவா சவுதும்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில், சீதன வீடென்றாலும், அது யாருடையது என்று ஆணின் முகத்தில் எழுதியிருக்கும். இங்கே மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். வளவு, கிணறு, தென்னை, தறிக்கொட்டில், குழி எல்லாம் தாய் மகளுக்குக் கொடுத்தது. சவுதும்மா இராட்டையை நிறுத்தாமல், "பாய இன்னும் ரெண்டு போட்டு மூடுங்க," என்றார்.

வெள்ளி, ஜும்மாவுக்குப் பின்

வெள்ளிக்கிழமை ஊர்த் தறிகள் ஓய்ந்திருக்கும். அந்த அமைதியில் கடல் ஒழுங்கைக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது. ஒரே சஹனில் நாங்கள் நால்வரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். பெரிய தட்டு, நடுவில் சோறு, மேலே பாரை மீன் ஆணம். சீனிமுகம்மது உப்பில் ஊறிய விரல்களால் நல்ல துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். "தின்னுங்க, அண்ணன். இண்டைக்கி இது மையத்துச் சோறோ, நம்மட சாவுக்கு ஆக்கினதோ என்னவோ."

"வாய அலம்பு," என்றார் சவுதும்மா உள்ளேயிருந்து.

பிறகு கொட்டிலுக்குள் போனோம். மரைக்காரின் குடை வேலிக்கு மேலே தெரிந்தது, விரித்தபடி, அசையாமல்.

இபுறாகீம் குழிக்குள் இறங்கிக் குந்தினார். அவர் தலைக்கு மேல் பாய்களை இழுத்துப் போர்த்தினார்கள். குழியின் ஓரத்தில் ஒரு பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் அடித்தார் சீனிமுகம்மது. ஆதம்பாவா தறியில் அமர்ந்தார். பன்னோலைத் தட்டிக்குப் பின்னால் சவுதும்மாவும் தங்கையும் இராட்டை சுற்றினார்கள். என்னிடம், "செருப்பக் கழட்டுங்க. காதால கேக்காதீங்க," என்றார் ஆதம்பாவா.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளங்காலில் ஒரு கூச்சம். அது கணுக்காலுக்கு ஏறி, முழங்காலில் தங்கி, அடிவயிற்றில் விரிந்தது. நாலாவது கட்டையின் அழுகை. மண் அதை மென்று, இனிப்பாக்கி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபடி எல்லாப் பக்கத்திலிருந்தும் தந்தது. பானை ஓர் இருதயம் போல இடைக்கிடை தப்பியது. தறி, இராட்டை, கடல் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ராகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கமும் இல்லை. கிடுகின் பொத்தல்களால் இறங்கிய வெயில் வட்டங்கள் பாய்ச்சீலைகளில் நடந்தன. காற்றில் சீலை அசைந்தபோது சிவப்பு எழுந்து மஞ்சளுக்குள் போய்ப் படுத்தது, மஞ்சளுக்குள்ளிருந்து பச்சை முளைத்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் காய்ச்சலுக்குள் இருந்தேன். நாற்பத்தேழு வயது மனிதன் ஒருவன் வெறுங்காலோடு நின்று அழுதுகொண்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை, அவரவர் எங்கோ இருந்தார்கள். ஆதம்பாவாவின் கை, பார்க்காமலே நாடாவை மாற்றியது. ஊதாவை வைத்து நீலத்தை எடுத்தது, நீலத்தை வைத்துக் குங்கும நிறத்தை எடுத்தது. கோடு கோடாக அந்த ஓசை துணியில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து குரவை எழுந்தது.

நாக்கைச் சுழற்றிப் பெண்கள் இடும் அந்த நீண்ட, கூரிய ஒலியை இந்தக் கரையில் நல்ல காரியத்துக்கு மட்டும்தான் இடுவார்கள். கலியாணத்துக்கு, பிள்ளைப் பேற்றுக்கு, புது வீட்டுக்கு. சவுதும்மா இட்டது கூரையைக் கிழித்து, ஒழுங்கை கடந்து, கடல்வரை போயிருக்கும். எல்லாம் நின்றது. தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவரின் முகத்தில் பயம். "அல்லாவே, குரவய நான் உடல்ல. அதுவா வந்திட்டுது," என்றார்.

குரவை கேட்டால் அயல் பெண்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கை கழுவாமலே ஓடிவந்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் அகப்பை. "என்னகா சவுதும்மா, என்ன நல்ல காரியம்?" நிமிடத்தில் வளவு நிறைந்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால், மடக்கிய குடையோடு மரைக்கார். தன் குடியில் குரவை கேட்டு மூத்தவர் வாசலில் நிற்கக்கூடாது. உள்ளே வந்து இனிப்புத் தின்றே ஆகவேண்டும். அவருக்கும் வேறு வழியில்லை.

சவுதும்மா தங்கையைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். "மாப்புளச் சாரன் தறியால எறங்குது," என்றார்.

ஆதம்பாவா திடுக்கிட்டார். "இன்னும் ஒரு முழம் கெடக்கே..."

"வெட்டுங்க. குரவ உட்டாச்சி."

"சுத்தளவு காணாதே!"

"மாப்புள ஈக்கில் மாதிரி. காணும்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கை முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆதம்பாவா கத்தியை எடுத்துப் பாவு நூலை அறுத்தார். துணியைச் சுருளிலிருந்து இறக்கி விரித்தபோது சிரிப்பு நின்றது. ஒருத்தி கையை நீட்டி ஒரு கோட்டைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோல எடுத்தாள்.

அந்த மௌனத்தில்தான் அது எல்லோருக்கும் கேட்டது. துருத்தியில் மிஞ்சிய காற்றை வைத்துக்கொண்டு, மூன்று பாய்களுக்கும் கீழே நாலாவது கட்டை மெல்ல அழுதுகொண்டிருந்தது.

மரைக்கார் வாயில், யாரோ கொடுத்த தொதல் இனிப்புத் துண்டு. மென்று விழுங்கினார். "அது ஆரு அழுற?"

"பெட்டி, மாமா," என்றார் சவுதும்மா.

"என்னத்துக்கு?"

"அதுட கொணம் அப்பிடி."

பாயை விலக்கிக்கொண்டு இபுறாகீமின் தலை வெளியே வந்தது, முடியெல்லாம் மண். யாரோ மறுபடி சிரித்தார்கள். மரைக்கார் சிரிக்கவில்லை. குடையை மண்ணில் ஊன்றி அந்தக் குழியையே பார்த்தார்.

"றோட்டுக்குக் கேட்டது குரவ. குரவைக்குத் தடை சொல்ல எனக்கு ஏலா. இந்த ஊட்டில இனிப்பும் திண்டாச்சி. காவினுக்கு வாறன்." மூச்சு விட்டார். "ஆனா இப்ப சனமெல்லாம் பெட்டியக் கேட்டுட்டு. நாளைக்கி என்னட்ட வந்து கேப்பாங்க. பெட்டி இந்த ஊர உட்டுப் போகட்டும்." குடை என்னைக் காட்டியது. "இந்த அண்ணனோட."

ஆதம்பாவா வாயைத் திறந்தார். சவுதும்மா முந்திக்கொண்டார்.

"பெட்டி போகட்டும், மாமா. குழிய மூடச் சொல்லாதீங்க. வளவு எனக்கு உம்மா தந்தது."

"குழி தறிக்குள்ளது. தறியில நான் கை வைப்பனா?" என்றார் அவர். புறப்பட்டவர் திரும்பிவந்து, விரித்த துணியை இன்னொரு முறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இதே மாதிரி எனக்கொண்டு நெய்யேலுமா?"

"இதே மாதிரி ஏலா, மாமா," என்றார் ஆதம்பாவா. "பெட்டி போனா வேற மாதிரித்தான் வரும்."

மரைக்கார் குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் போனார்.

சனி, காலை

பெட்டியைப் பன்பாயில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டினார்கள். ஏழு மணி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே றோட்டுக்கு வந்துவிட்டோம். சவுதும்மா வேலியோடு நின்றுவிட்டார். "தங்கச்சிட காவினுக்கு இரிந்திட்டுப் போகலாமே, அண்ணன்," என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் நன்றியோ வருத்தமோ எதைத் தேடினாலும் இருந்தது. உள்ளேயிருந்து இராட்டைச் சத்தம் கேட்டது. தங்கை.

அன்று ஊர்த் தறிகள் எல்லாம் மறுபடி ஓடின. சீனிமுகம்மது கடலிலிருந்து நேராக வந்திருந்தார். மண்ணில் இன்னும் இரண்டு பானை புதைத்துப் பார்க்கலாம், ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது முனகும் என்று ஆதம்பாவாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதம்பாவா கேட்டுக்கொண்டிருந்தார், அவருடைய வலக்கை அசைந்துகொண்டிருந்தது. இபுறாகீம் சற்றுத் தள்ளி, ஒரு தென்னையில் சாய்ந்து நின்றார். நேற்று மாலையிலிருந்து அவர் யாரோடும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அதே கொண்டக்டர். "பெட்டிக்கும் டிக்கட்," என்றார். "ஆளுக்குள்ளது போலத்தான். அதுவும் சத்தம் போடுமே." ஒரு ரூபாய் பத்துச் சதம் கொடுத்து, அதை என் பக்கத்து ஆசனத்தில் இருத்தினேன்.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி. வருடந்தோறும் புதிதாக அடைப்போம். அந்த வேலிக்குள் பாட்டு என்றால் தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கி முடியவேண்டிய இடத்தில் முடியும், பிழை விட்டால் அயலார் இருமுவார்கள். அங்கே இந்தப் பெட்டியை எந்த மூலையில் வைப்பது? குழி தோண்டினால் என் மனைவி கேட்பாள், எதைப் புதைக்கிறாய் என்று. இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கையில் பஸ் உறுமியது. குலுக்கலில் பெட்டிக்குள் ஏதோ அசைந்து, துருத்தி ஒருமுறை மூச்செடுத்தது. பாய்க்குள்ளிருந்து அந்த ஒற்றைக் கட்டை மெலிதாக எழுந்தது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியிலும் அது கேட்டிருக்கவேண்டும். தென்னையில் சாய்ந்திருந்த இபுறாகீம் ஓடிவந்தார். முடி பறக்க, நீலக் கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகரும் பஸ்ஸோடு கூடவே ஓடினார்.

"அண்ணன்! நாலாவது கட்ட அழும், அழட்டும்... திருத்திப் போடாதீங்க!"